மிதித்தால்தான் பாட்டு

கரவெட்டி,
16.08.1992

அன்புள்ள மகாதேவி மச்சாளுக்கு,

எங்கள் முருகன் சந்நிதியான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கும் அவவின் முழங்காலுக்கும் மட்டும் இன்னும் சமாதானம் வரவில்லை. நீங்களும் செல்வநாயகம் அண்ணையும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்ற எண்ணத்தோடு எழுதுகிறேன்.

தோற்றுப்போனேன். இதை முதல் வரியில் எழுதாமல் அம்மாவின் முழங்காலை எழுதிவிட்டேன் என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். இன்று மூன்றரைக்கு வானொலியில் 'முதற் பத்து' கேட்டேன். நான் பந்தயம் கட்டிய மழைப் பாட்டு மூன்றாவது. நீங்கள் சொன்ன படகுப் பாட்டு முதலாவது. நேயர்கள் போடுகிற தபாலட்டைகளை எண்ணித்தானே இடம் கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தபால் பெட்டி வீட்டு வாசலில். எங்கள் அட்டை மார்க்கண்டு அண்ணையின் தபால் பையில் ஏறி, கப்பல் ஏறி, கொழும்புக்கு வந்து சேர்வதற்குள் பாடினவருக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். இது நியாயமான போட்டியா, சொல்லுங்கள்! ஆனாலும் பந்தயம் பந்தயம். அம்மா பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பொதி அனுப்புகிறேன். நான் வென்றிருந்தால் நாலு சவர்க்காரம் வந்திருக்கும். இங்கே சவர்க்காரத்தைக் கண்டு இரண்டு மாதம். பனம்பழத்தில் உடுப்புத் தோய்க்கிறோம். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பனங்காய்ப் பணியாரம் வந்த மாதிரி மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

பாட்டுக் கேட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருஷம், பற்றரி இந்தப் பக்கம் வரத் தடை. முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றுகிறேன். மெல்லச் சுற்றினால் பாடகர் காய்ச்சல்காரர் மாதிரி முனகுகிறார். "உந்தப் பாட்டுக்காரன் மூச்சு விடுறதுக்கு நீ ஏனடி மூச்சு வாங்கிறாய்?" என்று அம்மா கேட்டா. போன கிழமை டைனமோவும் படுத்துவிட்டது. நெல்லியடிச் சந்தியில் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்துத் திருத்தினேன்.

கடிதம் வர நாலு கிழமை, ஒரு மாதம் ஆகிறபடியால் அடுத்த பந்தயம் ஒக்ரோபர் நாலாம் திகதிக்கு. நான் ஊஞ்சல் பாட்டு. நீங்கள்?

சின்னவனுக்கு என் முத்தம்.

அன்பு மச்சாள்,
பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
13.09.1992

என் அன்பு மச்சாள் பாலேஸ்வரிக்கு,

நாங்கள் நாலு பேரும் சுகம். உம்முடைய அண்ணை வங்கியால் வந்ததும் பேப்பரால் முகத்தை மூடிவிடுகிறார். அந்த அளவுக்குச் சுகம். மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். தேய்க்கச் சொல்லும், விளக்குக்கு ஊற்ற வேண்டாம்.

புழுக்கொடியல் கிடைத்தது. வெற்றியின் ருசியே தனி. ஆனாலும் பனம்பழக் கதையை வாசித்து மனம் கேட்கவில்லை. எண்ணெயோடு இரண்டு சவர்க்காரம் வைத்திருக்கிறேன். இது பந்தயக் கணக்கில்லை, இரக்கக் கணக்கு. நாலாம் திகதிக்கு நானும் ஊஞ்சல் பாட்டென்றுதான் நினைத்தேன். நீர் முந்திக்கொண்டபடியால் நான் படகிலேயே நிற்கிறேன்.

இனி வேறு கதை. கோபிக்கக்கூடாது. லண்டனில் சோமசேகரம் என்று ஒரு பொடியன். பொடியன் என்றால் முப்பத்தொன்பது. கணக்காளர். சொந்த வீடு. காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்திருக்கிறது; தலை கொஞ்சம் வெளி, சிரிப்பு நல்ல சிரிப்பு. உம்முடைய சாதகமும் படமும் கேட்கிறார்கள். மாசி வந்தால் உமக்கு முப்பத்துநாலு. அண்ணை வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் உம்முடைய கடிதம் வந்தால் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் வாசிக்கிறார். அவருக்காகவேனும் யோசியும்.

மாமிக்கு எங்கள் வணக்கம்.

மகாதேவி


கரவெட்டி,
11.10.1992

அன்புள்ள மச்சாளுக்கு,

எண்ணெயும் சவர்க்காரமும் பழுதில்லாமல் வந்தன. அம்மா எண்ணெயை முழங்காலில் தேய்த்துவிட்டு, மிச்சத்தை விளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே மூடி வைத்தா. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது.

நாலாம் திகதி ஊஞ்சல் பாட்டு முதலாவது! நாலு சவர்க்காரம், மறக்க வேண்டாம்.

சோமசேகரம் கதைக்கு வாறன். மச்சாள், ஏழு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு மாப்பிள்ளை. சவூதியில் ஒருவர், கனடாவில் இருவர், அனுராதபுரத்தில் பாலம் கட்டினவர் ஒருவர். எல்லோரும் காருக்கோ பாலத்துக்கோ பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு அலுத்துப்போச்சு. உங்களோடு சண்டை பிடிக்க மனமில்லை. ஆகவே இதையும் பந்தயத்தில் தீர்ப்போம்.

தை மாதக் கடைசி ஞாயிறு, ஜனவரி 31ஆம் திகதி 'முதற் பத்து'. ஆளுக்கு ஒரு பாட்டு. என்னுடையது முதலாவது வந்தால், நீங்களும் அண்ணையும் இனி என் கலியாணக் கதையை எடுக்கவே கூடாது. சந்நிதியான் மேல் சத்தியம் பண்ண வேண்டும். உங்களுடையது முதலாவது வந்தால் என் படமும் சாதகமும் லண்டனுக்குப் போகலாம். நான் மறுக்க மாட்டேன், அதுவும் சத்தியம். இரண்டும் வராவிட்டால் பழையபடி சவர்க்காரமும் புழுக்கொடியலும்.

என் பாட்டு வண்டில் பாட்டு. மாட்டு மணிச் சத்தத்தோடு தொடங்குமே, அதுதான். இப்போது இரண்டாவது இடத்தில் நிற்கிறது.

கை நோகச் சுற்றுகிற வேலை முடிந்தது. அந்த நெல்லியடிக் கடைக்காரர், பின்சில்லு நிலத்தில் முட்டாமல் நிற்க ஒரு இரும்புத் தாங்கி செய்து கொண்டுவந்து தந்தார். "கையாலை சுத்தினால் சில்லு விக்கும் ரீச்சர். மிதிச்சால்தான் பாட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிக்கவும் ஆள் கிடைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு அன்பு.

பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
08.11.1992

அன்பு மச்சாளுக்கு,

இங்கே மழை. பெரியவளுக்குத் தடிமன், மற்றவர்கள் சுகம். உங்கள் பக்கம் மழை எப்படி, கூரை ஒழுகுகிறதா?

பெரிய ஆள்தான் நீர்! கலியாணத்தைக் கொண்டுபோய்ப் பாட்டில் கட்டியிருக்கிறீர். உம்முடைய கடிதத்தை அண்ணையிடம் காட்டி, "பாருங்கோ உங்கடை தங்கச்சியின்ரை விளையாட்டை" என்றேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை வாங்கினார். கீழே பாரும்.

என் பாட்டு குதியன் பாட்டு. புதுசு. பறை அடிக்கிற வேகம். சின்னவன் அதைக் கேட்டால் கட்டிலில் நிற்க மாட்டான். தை மாதத்துக்கு நாடே குதிக்கும். உம்முடைய வண்டில் அதற்குள் ஒழுங்கைச் சேற்றில் புதைந்துவிடும். படத்துக்கு நீலச் சேலை உடுத்தும், அதுதான் உமக்கு வடிவு.

மிதிக்கிற ஆள் யார் என்று எழுதவில்லையே?

மகாதேவி

சம்மதம். சந்நிதியான் மேல் சத்தியம்.
செ. செல்வநாயகம்


கரவெட்டி,
06.12.1992

அன்புள்ள மச்சாளுக்கு,

மழையிலும் சேற்றிலும் நாங்கள் சுகம். பெரியவளின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். கடல் கொந்தளிப்பால் மூன்று கிழமையாகக் கப்பல் இல்லை, தபால் மூட்டை அப்படியே கிடக்கிறதாம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தேவராசா மாஸ்டர் மகளைப் பார்க்கக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார். இது அவர் கையில் வருகிறது. பதிலையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வண்டில் பாட்டு ஒன்பதாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. நான் றேடியோவைத் தட்டிப் பார்த்தேன். பஞ்சலிங்கம் மட்டும் கலங்கவில்லை. மிதிக்கிற ஆளைக் கேட்டீர்கள்தானே, அவர்தான். சைக்கிள் கடைக்காரர். ஞாயிறு கடை பூட்டு என்றபடியால் வருகிறார். வயரில் ஒரு சின்ன பல்ப் கட்டியிருக்கிறார். அது மங்காமலும் மினுங்காமலும் ஒரே மாதிரி எரிய வேண்டும். அதையே பார்த்தபடி பத்துப் பாட்டுக்கும் மிதிக்கிறார். வேர்வை வழியும், பல்ப் அசையாது. பஞ்சலிங்கம் அதிகம் கதைக்கிற ஆளில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனால் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வீணை வருகிறது என்று சொல்வார். பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி கொடுத்தால் ஒரு கடி, ஒரு மிடறு, ஒரு மிதி. அம்மா வெற்றிலைபாக்கு இடிக்கிற பாக்குரலோடு இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறா. அந்த இடித்தல் சத்தத்தில் பாட்டுக் கேட்பதே ஒரு கலை.

வண்டில் பாட்டு வெல்ல வேண்டும் என்று பஞ்சலிங்கம் செய்த வேலையைக் கேளுங்கள். கடையில் ரியூப்புக்கு ஒட்டுப்போட வருகிறவர்கள் வண்டில் பாட்டுக்கு ஒரு தபாலட்டை எழுதித் தந்தால் ஒட்டு இலவசம்! முள்ளு மழை பெய்த மாதிரி எல்லோருக்கும் காற்றுப் போகிறது. நாற்பத்தொரு அட்டை சேர்த்து மார்க்கண்டு அண்ணையிடம் கொடுத்தார். எல்லாம் அந்தத் தபால் மூட்டையில் கிடக்கிறது, பாவம். என்ன பந்தயம் என்று அவருக்குத் தெரியாது. "சவர்க்காரத்துக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

நான் வென்றால் நீங்கள் வாயை மூடுவீர்கள், எனக்கு நிம்மதி என்றுதான் எழுத வந்தேன். பேனையில் மை முடிகிறது. இங்கே மை கிடைக்காது.

பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
30.12.1992

அன்பு மச்சாளுக்கு,

தேவராசா மாஸ்டர் திரும்பப் போகிறார், அவசரமாய் எழுதுகிறேன். எல்லோரும் சுகம். பெரியவளின் தடிமன் போய் அண்ணைக்கு வந்திருக்கிறது. மாஸ்டர் கையில், உமக்கு வரவேண்டிய நாலோடு இரண்டு கூட்டி ஆறு சவர்க்காரமும் ஒரு போத்தல் மையும் அனுப்புகிறேன். இனி மை முடிந்தது என்று சாட்டுச் சொல்லேலாது.

போன ஞாயிறு கேட்டீரா? வண்டில் பாட்டு பட்டியலிலேயே இல்லை! மாடும் இல்லை, மணியும் இல்லை. என் குதியன் இரண்டாவது. இன்னும் நாலு கிழமை. அண்ணையிடம் சொன்னேன், "லண்டன்காரருக்கு எழுதவோ?" என்று. தும்மினார்.

அது கிடக்க. மச்சாள், உம்முடைய கடிதத்தில் பாட்டை விடப் பஞ்சலிங்கம்தான் அதிகம். அதைக்கூட விடுவோம். தபால்காரர் உமக்கு மார்க்கண்டு அண்ணை. பால் கொண்டுவருகிறவர் அண்ணை. சங்கக் கடைக்காரர் அண்ணை. வேலி அடைக்க வந்த ஆளும் அண்ணை. ஊரிலே அரும்பு மீசை வைத்த எல்லோரும் உமக்கு அண்ணையாக இருக்க, இவர் மட்டும் ஏன் வெறும் பஞ்சலிங்கம்? முழுப் பூசணிக்காயை ஏனடியம்மா சோற்றுக்குள் புதைக்கிறீர்? சொல்ல இருந்தால் 31ஆம் திகதிக்கு முதல் சொல்லும். பிறகு சத்தியம் குறுக்கே நிற்கும்.

மாமிக்கு வணக்கம், உமக்கு முத்தம்.

மகாதேவி


கரவெட்டி,
31.01.1993, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். உங்கள் சுகமறிய அவா. மாஸ்டர் நாளை விடியத் திரும்பவும் கொழும்புக்கு வருகிறார். மகளுக்குப் பிள்ளைப்பேறு. அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

'முதற் பத்து' முழுதும் கேட்கவில்லை. பத்திலிருந்து மூன்று வரைக்கும் கேட்டோம். வண்டிலும் வரவில்லை, குதியனும் வரவில்லை. இனி இரண்டாவதும் முதலாவதும்தான். அம்மா அந்த நேரம் பார்த்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தா. சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. பல்ப் அணைந்தது. றேடியோவும் நின்றது. திரும்ப மாட்டி மிதிக்கிறதுக்கு நேரம் போய்விட்டது.

எது முதலாவது என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நீங்கள் மாஸ்டரிடம் அனுப்பிய மையில்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியில் கேட்டதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
05.02.1993

அன்பு மச்சாளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை.

வென்றுவிட்டீரே! நீர் கேட்டிருப்பீர், ஆனாலும் நானே எழுதினால்தான் எனக்கு ஆறும். குதியன் இரண்டாவது என்றதும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். முதலாவது என்ன வரப்போகிறது என்று யோசிக்கிறேன், டிங் டிங் என்று மாட்டு மணி! பட்டியலிலேயே இல்லாத பாட்டு! அறிவிப்பாளருக்கே சிரிப்பு. வடக்கிலிருந்து தேங்கிக் கிடந்த தபால் மூட்டை ஒரேயடியாக வந்ததாம். அதில் வண்டில் பாட்டுக்கு ஒரு கட்டு. ஒன்பது அட்டை வித்தியாசத்தில் முதலிடம் என்றார். பிறகு அட்டை போட்டவர்களின் பெயரை வாசித்தார். முதல் பெயர், "நெல்லியடி பஞ்சலிங்கம்." நல்ல வடிவாய் வாசித்தார். கொழும்பிலிருந்தும் யாரோ பெரேரா, குணதாச என்று சிலர் போட்டிருக்கிறார்கள். சிங்கள ஆட்களுக்குக்கூட உம்முடைய வண்டிலில் ஏற ஆசை, பாரும்!

சத்தியம் சத்தியம்தான். இனி அந்தக் கதை எங்கள் வாயில் வராது. லண்டன்காரருக்கு இல்லையென்று எழுதியாயிற்று. நுணல் தன் வாயால் கெடும் என்பது என்னைத்தான். ஆனால் மச்சாள், ஒன்று கேட்கிறேன். இது கலியாணக் கதையில்லை, சும்மா கேள்வி. வென்றது உமக்குச் சந்தோஷம்தானே?

மகாதேவி


[தபாலட்டை]

வெள்ளவத்தை,
14.03.1993

மச்சாள், சுகமோ? மாஸ்டர் தந்த கடிதம் எப்போதோ கிடைத்தது. ஆறு கிழமையாய் உம்மிடமிருந்து ஒரு சொல் இல்லை. சைக்கிள் கடைக்காரர் மிதிக்கிற சைக்கிளில் சங்கிலி கழன்றதாம்! எனக்குச் சின்ன வயதிலேயே காது குத்தியாயிற்று. அண்ணை தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறார். எழுதும்.

மகாதேவி


கரவெட்டி,
28.03.1993

அன்புள்ள மச்சாளுக்கும் அண்ணைக்கும்,

உடம்பு சுகம். மனம் சுகமில்லை என்று எழுத வெட்கமாயிருந்தது, அதுதான் எழுதவில்லை. உங்கள் கடிதமும் அட்டையும் ஒரே நாளில் வந்து என்னைப் பிடித்துவிட்டன.

சங்கிலி கழலவில்லை. நடந்தது இதுதான். மூன்றாவது பாட்டு முடிகிறபோது அம்மா பாக்குரலை நிறுத்திவிட்டு, "தம்பி, வடிவாய் மிதியும். வண்டில் பாட்டு முதலா வந்திட்டால் இனி ஒருத்தரும் இவளின்ரை கலியாணக் கதை எடுக்கேலாது. அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கிறான்" என்றா. பஞ்சலிங்கம் என்னைப் பார்த்தார். "மெய்யே ரீச்சர்? சவர்க்காரத்துக்கெண்டுதானே சொன்னனீங்கள்?" என்றார். நான் பல்பைப் பார்த்தேன். அவர் மிதிக்கிறதை விட்டார். சில்லு கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது. இறங்கி, தேத்தண்ணிக் கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் போனவர்தான். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் "ரீச்சர், எங்கடை பாட்டு முதலாவது!" என்று மேசையில் அடித்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன், மச்சாள். தோற்றிருந்தால் லண்டன். வென்றால் ஊமை. என் விசர்த்தனத்தால் இரண்டு பக்கமும் நானே வேலி அடைத்துவிட்டேன்.

ஏழு ஞாயிறு மிதிக்க ஆளில்லை. நேற்று உங்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றையும் திறந்துவிட்டு, நெல்லியடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் ரியூப்பைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்தினார். ஓட்டை இருந்தால்தானே குமிழி வரும்! அமத்தி அமத்திப் பார்க்கிறார். அறிவிப்பாளர் முதலில் அவர் பெயரைத்தான் வாசித்தார் என்று உங்கள் கடிதத்திலிருந்து படித்துச் சொன்னேன்.

"நாப்பத்தொரு அட்டை, ரீச்சர்" என்றார். "ஒட்டும் சும்மா போட்டு, என்ரை வழியை நானே அடைச்சிட்டன்."

"அடைச்சதைத் திறக்கலாம். நான் அண்ணையிட்டைக் கேக்கட்டோ?" என்றேன்.

ரியூப்பைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, "கேளுங்கோ" என்றார்.

ஆகவே கேட்கிறேன். சத்தியம் உங்களுக்குத்தான், எனக்கில்லை. என் கலியாணக் கதையை நானே எடுக்கிறேன். அண்ணை, எனக்குப் பஞ்சலிங்கத்தைப் பிடித்திருக்கிறது. அவருக்கு வீடும் காரும் இல்லை. ஒரு கடை, ஒரு தாய், அவ்வளவுதான். ரீச்சருக்குச் சைக்கிள் கடைக்காரரோ என்று ஊர் கேட்கும். நீங்களும் அப்படிக் கேட்டால் எனக்குத் தாங்காது. ஆனாலும் நீங்கள் ஓம் என்று சொல்லாமல் செய்ய மாட்டேன். அம்மாவுக்குச் சம்மதம். கேட்டால் "நானென்ன தெரியாமலே அந்த நேரத்திலை வாயைத் திறந்தனான்?" என்கிறா. அவவின் முழங்கால் நல்ல சுகம்.

உங்கள் பதிலுக்கு வாசல் படலையைப் பார்த்தபடி,
பாலேஸ்வரி


வெள்ளவத்தை,
25.04.1993

அன்புத் தங்கச்சிக்கு,

யாவரும் நலம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் திருத்து.

உனக்குப் பொய் எழுத மாட்டேன். சைக்கிள் கடை என்று வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் மகாதேவியோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். அந்தப் பல்ப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்துப் பாட்டுக்கும் அது ஒரே மாதிரி எரிய வேண்டும் என்று மிதிக்கிற மனிதன் உன்னை வடிவாய் வைத்திருப்பான். பந்தயம் உன் கலியாணம் பற்றியது என்று தெரிந்ததும் மிதிக்கிறதை விட்டானே, அதுவும் எனக்கு விளங்கியது.

அவருடைய தாயாருக்கு இந்தத் தபாலிலேயே எழுதியிருக்கிறேன். முறைப்படி நாங்கள்தான் கேட்க வேண்டும், கேட்டிருக்கிறேன். ஆவணியில் நாள் பார்க்கச் சொல். எப்படியும் நாங்கள் வந்து சேருவோம். மகாதேவி நீலச் சேலை எடுத்துவிட்டாள். கலியாணக் கிழமை எந்தப் பாட்டு முதலாவது வரும் என்று உன்னோடு பந்தயம் கட்ட நிற்கிறாள். சத்தியம் ஒன்றும் வைக்காதே, சவர்க்காரம் போதும்.

இன்னொன்று. ஏழு வருஷமாக மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று உன்னை அலைக்கழித்துவிட்டோம் என்று எனக்கு மனவருத்தம். நீ கேட்ட நிம்மதியையாவது தருவோம் என்று தை மாதம் வங்கியில் என்னோடு வேலை செய்கிறவர்களைப் பிடித்து வண்டில் பாட்டுக்கு அட்டை எழுதுவித்தேன். பெரேராவுக்கும் குணதாசவுக்கும் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. நான் எழுதக் கையெழுத்து மட்டும் வைத்தார்கள்.

ஒன்பது அட்டை வித்தியாசத்தில் வென்றாய். நான் போட்டது பத்து. மகாதேவிக்குச் சொல்லிவிடாதே.

அன்பு அண்ணன்,
செ. செல்வநாயகம்